முட்டி ஜவ்வு ஆபரேஷன் முடிந்த நாய்: வீட்டில் 12 வாரம்

ஆபரேஷன் முடிந்து நாயை ஒப்படைக்கும்போது கையில் ஒரு தாள் தருவார்கள். எந்த மாத்திரை எந்த வேளை, தையல் பிரிக்க எப்போது வர வேண்டும், கடைசியில் ஒரு வரி: "8 வாரம் ஓய்வு." மாத்திரை கொடுப்பதும் தையலுக்குப் போவதும் எல்லோராலும் முடியும். வீடு முழுக்க ஓடி வளர்ந்த ஒரு நாயை 8 வாரம் ஓடவிடாமல் எப்படி வைத்திருப்பது என்று அந்தத் தாளில் இருக்காது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் பொம்மி 6 வயது லாப்ரடார். ஆபரேஷன் சமயத்தில் 34 கிலோ. ஒரு காலை அணிலைத் துரத்திக்கொண்டு போனவள் பின்னங்காலைத் தூக்கியபடி நொண்டிக்கொண்டு திரும்பி வந்தாள். முள் குத்தியிருக்கும் என்று பாதத்தை விரித்து விரித்துத் தேடினோம். முள் இல்லை. இடது முட்டியில் ஜவ்வு அறுந்திருந்தது. அதன் பிறகு நாங்கள் செய்ததையும், செய்யாமல் விட்டு வருந்தியதையும், டாக்டர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் வரிசையாகச் சொல்கிறேன். உங்கள் டாக்டர் சொல்வது இதிலிருந்து மாறுபட்டால் அவர் சொல்வதையே கேளுங்கள். உங்கள் நாயின் முட்டியைத் திறந்து பார்த்தவர் அவர்.

உள்ளே என்ன செய்திருக்கிறார்கள்

முதலில் முட்டி எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். பின்னங்காலில் பின்பக்கமாகத் துருத்திக்கொண்டு தெரிகிறதே, அது முட்டி இல்லை. நம் குதிகாலுக்குச் சமமான இடம். முட்டி அதற்கு மேலே, வயிற்றை ஒட்டி, முன்பக்கம் பார்த்தபடி இருக்கும்.

நாம் முட்டியை நேராக்கி நிற்கிறோம். நாய் எப்போதும் முட்டியை மடக்கியபடியே நிற்கும். அதன் கீழ்க்கால் எலும்பின் மேல்பரப்பும் பின்னோக்கிச் சரிந்திருக்கும்; பெரும்பாலான நாய்களில் 20 முதல் 30 டிகிரி வரை. ஒவ்வொரு அடி வைக்கும்போதும் தொடை எலும்பு அந்தச் சரிவில் வழுக்கி இறங்கப் பார்க்கும். அதை இழுத்துப் பிடித்து வைத்திருப்பது இந்த ஜவ்வு. மனிதர்களுக்குக் கபடியிலோ கால்பந்திலோ ஒரே திருகலில் அறுந்துபோகும். நாய்களுக்குப் பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. கிணற்றுக் கயிறு மாதிரி மாதக்கணக்கில் இழை இழையாக நைந்து, கடைசியில் ஒரு சின்னத் துள்ளலில் அறும். அதனால் "அன்றைக்கு அணிலைத் துரத்த விட்டிருக்கக் கூடாது" என்று உங்களையே நொந்துகொள்ள வேண்டாம்.

ஆபரேஷனில் சில வகைகள் உண்டு. சின்ன நாய்களுக்கு மூட்டுக்கு வெளியே கெட்டியான நைலான் இழையைப் போட்டு இறுக்கிக் கட்டுவார்கள். பெரிய நாய்களுக்கு அதிகமாகச் செய்வது டி.பி.எல்.ஓ. அமெரிக்காவின் ஆரிகனில் இருந்த பார்க்ளே ஸ்லோகம் என்ற கால்நடை மருத்துவர் உருவாக்கி, 1993-ல் விவரமாக வெளியிட்ட முறை இது. கீழ்க்கால் எலும்பின் மேல்பகுதியை வளைவான ரம்பத்தால் அறுத்து, கொஞ்சம் சுழற்றி, அந்தச் சரிவை 5 டிகிரி அளவுக்குக் கொண்டுவந்து, பிளேட்டும் ஸ்க்ரூவும் போட்டு நிறுத்துவார்கள். சரிவு போய்விட்டால் வழுக்கல் இல்லை. ஜவ்வு இல்லாமலே முட்டி நிற்கும். டி.டி.ஏ. என்று இன்னொரு முறையும் இருக்கிறது, அதிலும் எலும்பை அறுப்பார்கள்.

எனக்கு இது புரிந்த பிறகுதான் அந்த 8 வாரத்தின் அர்த்தம் விளங்கியது. அறுந்த ஜவ்வை யாரும் திரும்பத் தைக்கவில்லை. அறுத்த எலும்பு ஒன்று கூடுவதற்காகத்தான் காத்திருக்கிறோம். எலும்பு கூட 8 முதல் 12 வாரம் ஆகும். நாய்க்கு வலி அடங்க 2 வாரம்கூட ஆகாது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வாரங்கள்தான் உங்கள் வேலை. நைலான் போட்ட நாய்க்கும் இதே ஓய்வு வேண்டும். அந்த இழை நிரந்தரமாகத் தாங்காது. அது தளர்வதற்குள் மூட்டைச் சுற்றித் தழும்புத் திசு வளர்ந்து இறுக வேண்டும்.

நாய் வருவதற்கு முந்தைய நாள்

தரையிலிருந்து ஆரம்பியுங்கள். நம் வீடுகளில் டைல்ஸ், மார்பிள், கிரானைட். மூன்று காலில் நிற்கும் நாய்க்கு இது எல்லாமே எண்ணெய் கொட்டிய தரை. கோரைப்பாயும் சாக்கும் போட்டுப் பார்த்தோம், நாயோடு சேர்ந்து அவையும் வழுக்கின. அடியில் ரப்பர் உள்ள மிதியடிகள் நல்லது. யோகா மேட் அதைவிட நல்லது. படுக்கையிலிருந்து வாசல் வரை, தண்ணீர்க் கிண்ணம் வரை ஒரு பாதை மாதிரி விரித்து, ஓரங்களை இருபக்க டேப்பால் ஒட்டிவிடுங்கள். வீடு முழுக்க விரிக்கத் தேவையில்லை, நாய் போகும் வழி போதும். பாதத்துக்கு அடியில் விரல் இடுக்கில் வளர்ந்திருக்கும் முடியையும் நகத்தையும் ஆபரேஷனுக்கு முன்பே வெட்டி வைத்தால் பிடிமானம் கூடும்.

அடுத்தது இடம். கூண்டு இருந்தால் சரி. நாய் எழுந்து நிற்கவும், திரும்பவும், காலை நீட்டிப் படுக்கவும் இடம் வேண்டும். ஓடவும் தாவவும் இடம் கூடாது. கூண்டு இல்லையென்றால் ஹால் மூலையில் கட்டிலையும் பெஞ்சையும் போட்டு அடைத்துக்கொள்ளலாம். நாங்கள் அப்படித்தான் செய்தோம். எல்லோரும் புழங்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே அது இருக்கட்டும். தனி அறையில் அடைத்தால் நாள் முழுக்கக் கதவைப் பிறாண்டும். கட்டிலில் உங்களோடு படுத்துப் பழகிய நாயென்றால், கொஞ்ச நாள் நீங்கள் கீழே பாய் போட்டுப் படுங்கள். நான் 6 வாரம் படுத்தேன். ராத்திரி அவள் புரண்டாலே விழிப்பு வந்துவிடும், அது பல நாள் உதவியது.

இடுப்பைத் தாங்கிப் பிடிக்க ஒரு பட்டை வேண்டும். கடையில் விற்கிறார்கள், ஆனால் ஜவுளிக்கடைக் கட்டைப்பை ஒன்று போதும். இரண்டு பக்கத் தையலையும் பிரித்துவிட்டால் நடுவில் அகலமான துணி, இரு முனையிலும் கைப்பிடி. அதை வயிற்றுக்கு அடியில், பின்னங்கால்களுக்குச் சற்று முன்னால் கொடுத்து மேலே இரண்டு கைப்பிடியையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளலாம். நாயைத் தூக்க அல்ல அது. வழுக்கினால் விழாமல் தாங்கத்தான். ஆண் நாயென்றால் மூத்திரம் போகும் இடத்தை மறைக்காமல் பட்டையை முன்னே தள்ளி வையுங்கள்.

வாசலில் இரண்டு படி இருந்தால் பலகை ஒன்றைச் சரிவாகப் போட்டு அதன் மேல் சாக்கை ஆணி அடித்து வைக்கலாம். மாடி வீடு என்றால் தூக்கித்தான் ஆக வேண்டும்: ஒரு கை நெஞ்சுக்கு அடியில், இன்னொரு கை இரண்டு தொடைக்கும் பின்னால். வயிற்றை நடுவில் பிடித்துத் தூக்கினால் கால்கள் தொங்கி இழுபடும். 25 கிலோவுக்கு மேல் என்றால் இரண்டு பேர்.

ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும் முன் இவற்றைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்: என்ன ஆபரேஷன், ஜவ்வோடு சேர்த்து மெனிஸ்கஸ் என்ற குஷனிலும் கிழிசல் இருந்ததா, வலி மருந்து கடைசியாக எத்தனை மணிக்குக் கொடுத்தார்கள், அடுத்தது எப்போது, ராத்திரி ஏதாவது என்றால் யாரைக் கூப்பிடுவது. எங்களுக்கு மூன்றாவது கேள்வி தோன்றவே இல்லை. இரவு 9 மணிக்கு மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, ஏற்கெனவே ஊசி போட்டிருக்கிறார்களா என்று தெரியாமல் விழித்தோம்.

முதல் இரவு

அழுதுகொண்டே இருக்கும். மயக்க மருந்தும் வலி மருந்தும் கலைகிற நேரத்தில் நாய்கள் முனகும், நடுங்கும், எங்கோ வெறித்துப் பார்க்கும். எல்லாமே வலியால் வருவதில்லை, பாதி குழப்பம். பக்கத்தில் உட்கார்ந்து தலையில் கை வைத்திருங்கள். மூச்சு இரைத்து, படுக்கவே முடியாமல் எழுந்து எழுந்து நின்றால் மட்டும் டாக்டரைக் கேளுங்கள். வலி மருந்தின் அளவு போதாமல் இருக்கலாம்.

தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். சாப்பாடு வழக்கத்தில் பாதி, அல்லது கால்வாசி. முதல் நாள் சாப்பிடாவிட்டால் பதற வேண்டாம். மலம் இரண்டு மூன்று நாள் வராமல் இருப்பதும் வழக்கம்தான். பட்டினியும் மருந்தும் சேர்ந்து குடலை மந்தமாக்கியிருக்கும். மூத்திரம் அப்படி இல்லை. 24 மணி நேரமாக ஒரு சொட்டும் போகவில்லை என்றால் போன் செய்யுங்கள்.

பொம்மி அன்று ராத்திரி 2 மணிக்குத்தான் போனாள். தெருவிளக்கு வெளிச்சத்தில் கட்டைப்பையைப் பிடித்துக்கொண்டு நான் நிற்க, மூன்று காலில் தடுமாறி, உட்காரப் பார்த்து, முடியாமல் எழுந்து, திரும்ப உட்கார்ந்து, நாலாவது தடவை போனாள். அவசரப்படுத்தாமல் நிற்பதைத் தவிர அந்த நேரத்தில் நாம் செய்ய எதுவும் இல்லை.

மருந்து

கார்ப்ரோஃபென், மெலாக்சிகாம் போன்ற வீக்கம் குறைக்கும் மாத்திரை ஒன்று பெரும்பாலும் இருக்கும். காபாபென்டின் என்ற வலி மருந்தையும் சேர்த்துக் கொடுப்பார்கள், அது கொஞ்சம் தள்ளாட வைக்கும். வீக்கம் குறைக்கும் மாத்திரையை வெறும் வயிற்றில் கொடுக்காதீர்கள். வாந்தி, சாப்பாட்டை ஒதுக்குவது, தார் மாதிரி கறுத்த மலம், இதில் ஏதாவது தென்பட்டால் அடுத்த வேளை மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். தோல் அரிப்புக்கு ஏற்கெனவே ஸ்டீராய்டு மாத்திரை போய்க்கொண்டிருந்தால் அதைக் கட்டாயம் முன்பே சொல்லிவிட வேண்டும். இரண்டும் சேர்ந்தால் குடலில் புண் வரும்.

வீட்டில் இருக்கும் நம் மாத்திரைகள் எதையும் கொடுக்காதீர்கள். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், பாராசிட்டமால், ஆஸ்பிரின் எதுவும் வேண்டாம். "குழந்தைக்குக் கொடுக்கிற சிரப்தானே" என்று யாராவது சொல்வார்கள். நாயின் உடம்பு இவற்றைக் கையாளும் விதமே வேறு. வயிறும் சிறுநீரகமும் ஈரலும் போய்விடும். ஆன்டிபயாடிக் எழுதியிருந்தால் காயம் நன்றாக இருக்கிறதே என்று பாதியில் நிறுத்தக் கூடாது.

காயம்: முதல் 14 நாள்

தையலை நாய் நக்கக் கூடாது. நாய் எச்சில் மருந்து என்பது தவறான நம்பிக்கை. நக்கி நக்கித்தான் தையல் பிரிந்து சீழ் வைக்கிறது. புனல் மாதிரி கழுத்தில் மாட்டும் காலர் தையல் பிரிக்கும்வரை, அதாவது 10 முதல் 14 நாள் வரை, இரவும் பகலும் இருக்க வேண்டும். சாப்பிடும்போது கழற்றினால் கண்ணெதிரே சாப்பிட வைத்து, முடிந்ததும் மாட்டுங்கள். போன் எடுக்கத் திரும்பும் நேரம் போதும், இரண்டு தையலைப் பிடுங்கிவிடும். கிண்ணத்தை ஒரு முக்காலி மேல் உயர்த்தி வைத்தால் காலரோடேயே சாப்பிடப் பழகிக்கொள்ளும்.

காலையும் மாலையும் காயத்தைப் பாருங்கள். தினமும் ஒரே இடத்தில், ஒரே கோணத்தில் ஒரு போட்டோ எடுத்து வைப்பது பெரிய உதவி. நேற்றைவிட இன்று எப்படி என்று கண்ணுக்குத் தெரியாதது போட்டோவில் தெரியும், டாக்டருக்கு அனுப்பவும் வசதி. ஓரங்களில் லேசான சிவப்பும், தோலில் ஊதா நிறக் கன்றலும் இருக்கும். நாலாவது நாள் வாக்கில் வீக்கம் கீழே இறங்கி, குதிகாலுக்குப் பக்கத்தில் தண்ணீர்ப் பை மாதிரி மெத்தென்று தொங்கலாம். பொம்மிக்கு அது வந்தபோது பிளேட்தான் நகர்ந்துவிட்டது என்று நினைத்துக் கை நடுங்கப் போன் செய்தேன். மேலே இருந்த வீக்க நீர் புவியீர்ப்பில் கீழே சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான் என்றார் டாக்டர். மூன்று நாளில் வற்றியது. காயத்திலிருந்து நீரோ சீழோ தொடர்ந்து கசிந்தால், நாற்றம் வந்தால், தொட்டால் கொதித்தால், தையல் வாய் திறந்தால், அது வேறு கதை. அன்றைக்கே போக வேண்டும்.

மஞ்சள், தேங்காயெண்ணெய், வேப்பிலை அரைத்தது எதுவும் தையல் மேல் வேண்டாம். நல்ல மனதோடுதான் பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால் உள்ளே உலோகம் இருக்கிறது. வெளியே தோலில் தொற்று வந்தால் அது பிளேட் வரை இறங்கும், பிளேட்டில் ஒட்டிய கிருமியை மருந்தால் மட்டும் போக்குவது கடினம். தையல் உலர்ந்து, சுத்தமாக, எதுவும் படாமல் இருப்பதுதான் அதற்கு மருந்து. குளிப்பாட்டுவதும் கிடையாது.

அப்புறம், ஈ. நம் ஊர் வெயிலில் ஈரமான காயத்தில் ஈ முட்டையிட்டால் ஓரிரு நாளில் புழு வைத்துவிடும். நாயை முற்றத்திலோ மொட்டை மாடியிலோ படுக்க வைக்காதீர்கள். மின்விசிறி ஓடட்டும், ஜன்னலுக்கு வலை இருக்கட்டும், படுக்கைத் துணியைத் தினம் மாற்றுங்கள். சாப்பாட்டுக் கிண்ணத்தை உடனே கழுவிவிட்டால் எறும்பும் வராது.

முதல் மூன்று நாள் குளிர் ஒத்தடம் கொடுக்கலாம். ஐஸ் பையை மெல்லிய துண்டில் சுற்றி, முட்டியின் மேல் 10 முதல் 15 நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு தடவை. ஐஸை நேரடியாகத் தோலில் வைக்காதீர்கள். மழித்த இடம் அது. தையல் நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சூடான ஒத்தடம் அந்த நாட்களில் கூடாது, வீக்கத்தைக் கூட்டிவிடும்.

நடை

படுக்க வைத்தே இருக்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அதுவும் தவறு. கால் தரையில் பட்டால்தான் தசை வற்றாமல் இருக்கும், எலும்பும் கூடும். எவ்வளவு, எப்படி என்பதில்தான் விஷயம். டாக்டர் வேறு கணக்கு சொல்லாவிட்டால் பெரும்பாலும் இப்படிப் போகும். முதல் இரண்டு வாரம் மூத்திரம், மலத்துக்கு மட்டும்; நாளுக்கு 4 தடவை, ஒவ்வொன்றும் 5 நிமிடம். மூன்றாவது வாரத்திலிருந்து நிமிடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, நாலாவது வாரக் கடைசியில் 10, ஆறாவது வாரக் கடைசியில் 15, எட்டாவது வாரத்தில் 20. எல்லாமே லீஷில், சமதரையில். இழுத்தால் நீளும் லீஷ் வேண்டாம். 4 அடி போதும்.

மெதுவாக நடத்துங்கள். கல்யாண ஊர்வலத்தில் நாம் நடக்கிறோமே, அந்த வேகம். வேகமாகப் போனால் நாய் அடிபட்ட காலைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் தத்தித் தத்திப் போய்விடும். மெதுவாகப் போனால் நாலு காலையும் வைத்தே ஆக வேண்டும். முதல் வாரத்திலேயே விரல் நுனியாவது தரையில் படும். தையல் பிரிக்கும்போது மெதுவான நடையில் ஓரளவு எடை போட்டு ஊன்றும். ஊன்ற ஆரம்பித்த பிறகு திடீரென்று ஒரு நாள் காலைத் தூக்கிக்கொண்டால், அதைப் பொறுத்துப் பார்க்காதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள்.

மூன்றாவது வாரத்திலிருந்து ஆறாவது வாரம் வரை

இந்தப் பகுதியை இரண்டு தடவை படியுங்கள்.

தையல் பிரித்தாயிற்று, காலர் கழற்றியாயிற்று, முடி முளைக்கத் தொடங்கிவிட்டது. நாய் நாலு காலிலும் நடக்கிறது, வாலை ஆட்டுகிறது, பந்தைக் கொண்டுவந்து காலடியில் போடுகிறது. வீட்டில் எல்லோருக்கும் மனசு இளகுகிறது. பாட்டி சொல்வார், "பாவம், ஒரு நிமிஷம் அவிழ்த்து விடேன்." எலும்பு அப்போது பாதிதான் கூடியிருக்கும்.

24-வது நாள். பொம்மியை ஹாலில் லீஷ் இல்லாமல் விட்டிருந்தேன். அதற்கு முந்தைய நாலு நாளும் அப்படித்தான் விட்டேன், ஒன்றும் ஆகவில்லை. அன்று கேட்டுக்கு வெளியே சிலிண்டர் இறக்கும் சத்தம் கேட்டது. யோகா மேட் பாதையை விட்டு ஒரே பாய்ச்சல். வாசல் தெளித்துக் கோலம் போட்ட ஈரம் நிலைப்படி வரை இருந்தது. பின்னங்கால் இரண்டும் இரண்டு பக்கம் அகன்று, வயிறு தரையில் பட விழுந்தாள். அந்தக் கத்தல் இன்னும் காதில் இருக்கிறது. எழுந்தபோது இடது கால் மறுபடி மேலே. எக்ஸ்ரேயில் பிளேட்டும் ஸ்க்ரூவும் அசையாமல் இருந்தன, தொடைத் தசைதான் பிடித்திருந்தது. ஆனாலும் மீண்டும் இரண்டாவது வாரத்துக் கணக்கிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. வேறு சில நாய்களுக்கு இதே மாதிரி ஒரு பாய்ச்சலில் ஸ்க்ரூ பிடுங்கிக்கொண்டு, இரண்டாவது ஆபரேஷன் வரை போயிருக்கிறது.

அதன் பிறகு நாங்கள் வைத்துக்கொண்ட முறை இது. அடைப்புக்குள் இல்லாத நேரமெல்லாம் வீட்டுக்குள்ளும் லீஷ், அதன் மறுமுனை யாராவது ஒருவர் கையில் அல்லது இடுப்பில். வாசல் கதவு சாத்தியே இருக்கும். தரை துடைக்கும்போதும் வாசல் தெளிக்கும்போதும் பொம்மி அடைப்புக்குள், ஈரம் காய்ந்த பிறகுதான் வெளியே. காலிங் பெல்லை நிறுத்திவிட்டோம். பால், பேப்பர், சிலிண்டர் கொண்டுவருகிறவர்களிடம் போன் பண்ணச் சொன்னோம். எட்டு வாரத்தையும் கட்டமாக வரைந்து ஃபிரிட்ஜ் மேல் ஒட்டினோம். அது பாட்டிக்கும் பிள்ளைகளுக்கும் ரொம்ப உதவியது, "டாக்டர் தேதி இன்னும் வரவில்லை" என்று அவர்களே சொல்லத் தொடங்கினார்கள். ஆபரேஷன் தேதியை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியுமென்றால், அடுத்த 8 வாரத்துக்குள் தீபாவளி வராமல் பாருங்கள். வெடிச்சத்தத்துக்கு மிரண்டு ஓடும் நாயை எந்தக் கட்டைப்பையாலும் பிடித்து வைக்க முடியாது. தவிர்க்க முடியாவிட்டால் அந்த நாட்களுக்கு மட்டும் அமைதிப்படுத்தும் மருந்து தருவார்கள், முன்கூட்டியே கேளுங்கள்.

அடைத்து வைத்த நாய்க்கு மூளைக்கு வேலை கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அந்தத் தெம்பெல்லாம் காலுக்குப் போகும். சாப்பாட்டைக் கிண்ணத்தில் கொட்டாமல் பழைய துண்டில் சுருட்டி வையுங்கள், மூக்கால் பிரித்துத் தேடி எடுக்கட்டும். தயிரைச் சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் உறைய வைத்துக் கொடுத்தால் கால் மணி நேரம் நக்கிக்கொண்டிருக்கும், வெயிலுக்கும் இதம். மூக்கால் கையைத் தொடுவது, பெயர் சொன்ன பொம்மையைக் காட்டுவது என்று படுத்தபடியே கற்றுக்கொடுக்க எவ்வளவோ இருக்கிறது. 10 நிமிடம் யோசிக்க வைத்தால் நடந்து வந்த மாதிரி அசந்து தூங்கும். இவ்வளவும் செய்தும் அடங்கவில்லை என்றால் டாக்டரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். மருந்து கொடுத்து அடக்குவதில் குற்ற உணர்ச்சி வேண்டாம், எலும்பு உடைவதைவிட அது நல்லது.

சாப்பாடு

ஓட்டம் இல்லாத நாய் அதே அளவு சாப்பிட்டால் எடை கூடும், கூடிய ஒவ்வொரு கிலோவும் அந்த முட்டியில் இறங்கும். சாப்பாட்டில் சுமார் கால் பங்கு வரை குறைக்கலாம், எவ்வளவு என்று டாக்டர் சொல்வார். சோற்றைக் குறைத்து, வேகவைத்த பீன்ஸ், கேரட், பூசணி சேர்த்தால் வயிறு நிறையும். மாலைக் காபிக்கு நீட்டும் பிஸ்கட்டை எல்லோரும் நிறுத்த வேண்டும். எலும்பு கூடட்டும் என்று ஆட்டுக்கால் சூப் கொடுக்கச் சொல்வார்கள். கொழுப்பும் வெங்காயமும்தான் அதில் போகும், வெங்காயம் நாய்க்கு நஞ்சு. சரியான உணவு சாப்பிடும் நாய்க்குக் கால்சியம் மாத்திரையும் தேவையில்லை. பொம்மி 34 கிலோவிலிருந்து 12 வாரத்தில் 30-க்கு வந்தாள். விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்படும் அளவு சரியான அளவு.

காலுக்குப் பயிற்சி

டாக்டர் சரி என்ற பிறகு மட்டும். முதலில் காலை மடக்கி நீட்டுவது. ஆபரேஷன் செய்த கால் மேலே இருக்கும்படி நாயைப் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். ஒரு கை தொடையில், ஒரு கை குதிகாலுக்குப் பக்கத்தில். சைக்கிள் மிதிக்கிற மாதிரி மெதுவாக மடக்கி, மெதுவாக நீட்டுங்கள். நாய் காலை இழுத்தாலோ திரும்பிப் பார்த்தாலோ அதுதான் எல்லை, அதற்கு மேல் தள்ளாதீர்கள். 10 தடவை, நாளுக்கு இரண்டு மூன்று வேளை. தையல் ஆறி வீக்கம் வற்றிய பிறகு, இதற்கு முன் 10 நிமிடம் வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுத்தால் தசை இளகும்.

ஐந்தாறு வாரம் ஆனதும் உட்கார்ந்து எழுவது. நமக்குத் தோப்புக்கரணம் மாதிரி, தொடைத் தசைக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை. ஆபரேஷன் செய்த கால் சுவரை ஒட்டி இருக்கும்படி நிறுத்தி உட்கார வையுங்கள். சுவர் தடுப்பதால் காலை வெளியே தள்ளிவிட்டு உட்கார முடியாது, மடக்கித்தான் உட்கார வேண்டும். 5 தடவையில் தொடங்கலாம். அப்புறம் சரிவான இடத்தில் மெதுவாக ஏறுவது, 8 போட்டு நடப்பது, தரையில் கிடத்திய துடைப்பக் கட்டைகளைத் தாண்டி வைத்து நடப்பது. நீச்சல் எக்ஸ்ரேக்குப் பிறகுதான். குளத்திலோ கிணற்றிலோ குதிக்க விடக் கூடாது.

எக்ஸ்ரேக்குப் பிறகு

8-வது வாரம் எக்ஸ்ரே எடுத்து எலும்பு கூடியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். நன்றாக நடக்கிறதே, எதற்குச் செலவு என்று இதைத் தவிர்க்காதீர்கள். நடையை வைத்து எலும்பைச் சொல்ல முடியாது. கூடியிருந்தாலும் மறுநாளே மைதானத்தில் அவிழ்த்துவிட முடியாது. 12-வது வாரம் வரை லீஷில் நீண்ட நடை, அப்புறம் கொஞ்ச நேரம் மெதுவோட்டம், அதற்கும் பிறகுதான் சுவர் அடைத்த இடத்தில் தனியாக ஓடவிடுவது. வற்றிய தொடைத் தசை திரும்ப 4 முதல் 6 மாதம் ஆகும். இரண்டு தொடையையும் இரண்டு கையால் சேர்த்துப் பிடித்துப் பார்த்தால் எது மெலிந்தது என்று உங்களுக்கே தெரியும். நடக்கும்போது முட்டியில் 'டிக்' என்று சத்தம் வந்து, கூடவே நொண்டினால் மெனிஸ்கஸ் கிழிந்திருக்கலாம். அது மாதங்கள் கழித்தும் வரும்.

கடைசியாக, மற்றொரு கால். ஒரு முட்டியில் ஜவ்வு அறுந்த நாய்களில் ஏறக்குறைய பாதிக்கு, ஓரிரு வருடங்களில் அடுத்த முட்டியிலும் அறுகிறது. ஜவ்வு நைந்து அறும் நோய் என்பதால் அப்படி. எடையைக் குறைவாக வைத்திருப்பதும், யோகா மேட்டை எடுக்காமல் தரையிலேயே விட்டு வைப்பதும் நம் கையில் இருக்கின்றன. தினமும் நாய் உட்காருவதைக் கவனியுங்கள். இரண்டு முட்டியையும் மடக்கி, குதிகால் உடம்போடு ஒட்டி நேராக உட்கார்ந்தால் சரி. நல்ல காலைப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு சாய்ந்து உட்காரத் தொடங்கினால், நொண்டும் வரை காத்திருக்காமல் அந்த வாரமே டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.